பிழை விடையில் தொடங்கும் ஆய்வு: தமிழ்ப்பள்ளிக் கணித ஆசிரியராகப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்றாம் ஆண்டு வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். "ஐந்தில் மூன்று" என்று சொல்லி, எண்ணால் எழுதச் சொன்னேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி 5/3 என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்தேன். அவள் விடவில்லை. "நீங்கள் ஐந்து என்றுதானே டீச்சர் முதலில் சொன்னீர்கள்?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது நியாயம். காதில் முதலில் விழுந்த எண்ணை மேலே எழுதினாள், அடுத்து விழுந்ததைக் கீழே எழுதினாள். மேலிருந்து கீழாக எழுது என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம். அந்தச் சிவப்புக் கோடு அவளுக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அவள் கேள்விதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. கணிதக் கல்வி ஆய்வு என்று பல்கலைக்கழகங்களில் பெரிதாகப் பேசப்படுவதன் வேர் இப்படிப்பட்ட ஒரு நோட்டுப் புத்தகப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று அன்று புரிந்தது.

நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். ஈப்போவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரத்தில், செம்பனையும் ரப்பரும் சூழ்ந்த ஊர். ஈப்போ போகும் பக்கத்தில் உலு கிந்தாவில் ஆசிரியர் கல்விக் கழகத்தின் ஈப்போ வளாகம் இருக்கிறது. கற்பித்தல் பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "செயலாய்வுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம் டீச்சர்?" செயலாய்வு என்பது ஆசிரியர் தம் சொந்த வகுப்பின் சிக்கலைத் தாமே ஆராய்ந்து மாற்றிப் பார்ப்பது. தலைப்பைத் தேடி அலையாதீர்கள், அது உங்கள் மேசைமேல் திருத்தக் காத்திருக்கும் நோட்டுக் கட்டில் இருக்கிறது என்று அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: எந்த வழியாக வருகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தொடக்கப்பள்ளி ஆசிரியராக வருவதற்கான வழக்கமான பாதை, இடைநிலைப்பள்ளி இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் ஆசிரியர் கல்விக் கழகத்தில் சேர்வது. ஆயத்த வகுப்பை முடித்து, நான்காண்டு இளங்கலைக் கல்வியியல் பட்டம் படிக்க வேண்டும். நாட்டில் 27 வளாகங்கள் இருக்கின்றன. தமிழ்ப் பிரிவு எல்லாவற்றிலும் இல்லை. சேர்க்கை நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், எனவே விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை மட்டும் நம்புங்கள். இன்னொரு பாதை தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த இடம். வேறு துறையில் பட்டம் பெற்றவர்கள் பட்டப்பின் கல்வி டிப்ளோமா வழியாகவும் வரலாம்.

இதில் ஒன்றை மறக்க வேண்டாம். தோட்டப்புறத்துச் சிறிய பள்ளியில், நீங்கள் தமிழையே முதன்மைப் பாடமாகப் படித்து வந்திருந்தாலும், கால அட்டவணையில் கணிதம் உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும். நூற்றைம்பதுக்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளியில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்பது நடக்காது. ஆகவே இந்த வழிகாட்டி கணிதத்தை முதன்மையாக எடுத்தவர்களுக்கு மட்டும் உரியதன்று.

இரண்டாம் படி: உங்கள் கணிதத்தை நீங்களே சோதித்துப் பாருங்கள்

லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பாடம் தெரிந்திருப்பது ஓர் அறிவு, பொதுவாகக் கற்பிக்கத் தெரிந்திருப்பது இன்னோர் அறிவு, குறிப்பிட்ட இந்தப் பாடத்தை இந்தக் குழந்தைக்கு எப்படிப் புரியவைப்பது என்பது மூன்றாவது அறிவு. அந்த மூன்றாவதைப் பட்டச் சான்றிதழ் தானாகத் தந்துவிடாது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டும். விடையைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். அடுத்து, அந்தக் கணக்குக்குப் பொருந்துகிற ஒரு கதையைச் சொல்லுங்கள். லிப்பிங் மா என்ற ஆய்வாளர் இதே கணக்கை அமெரிக்காவில் 23 ஆசிரியர்களிடமும் சீனாவில் 72 ஆசிரியர்களிடமும் கொடுத்துப் பார்த்து, 1999-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்க ஆசிரியர்களில் பலர் கதை சொல்லத் திணறினார்கள். அரையால் வகுப்பதையும் இரண்டால் வகுப்பதையும் போட்டுக் குழப்பிக்கொண்டவர்கள் உண்டு. சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் பொருந்தும் கதையைச் சொன்னார்கள்.

நம் ஊர்க் கதையாக இதைச் சொல்லலாம்: ஒன்றே முக்கால் கிலோ மாவை அரைக் கிலோ பொட்டலங்களாகக் கட்டினால் எத்தனை பொட்டலம் வரும்? மூன்று பொட்டலம் கட்டிய பின் கால் கிலோ மிஞ்சும். அந்தக் கால் கிலோ ஒரு பொட்டலத்தில் பாதி. ஆகவே மூன்றரைப் பொட்டலம். "மிஞ்சியது கால் கிலோ, ஆனால் விடையில் அரை என்று வருகிறதே, எப்படி?" என்று ஒரு குழந்தை கேட்டால் தடுமாறாமல் விளக்க முடிகிறதா? முடிந்தால் அடுத்த படிக்குப் போங்கள். முடியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம், ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். கழித்தலில் கடன் வாங்குவது, இரண்டு இலக்கப் பெருக்கல், தசமத்தைப் பத்தால் பெருக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதையும் ஒரு படமும் ஒரு "ஏன்" விளக்கமும் எழுதிப் பாருங்கள்.

இன்னொரு காரணத்தாலும் இது தேவைப்படுகிறது. 2003 முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. பின்னர் 2010-களின் தொடக்கத்தில் படிப்படியாகத் தாய்மொழிக்குத் திரும்பின. 2016-இல், பள்ளிகள் விரும்பினால் இப்பாடங்களை ஆங்கிலத்தில் நடத்த இடம் தரும் இருமொழித் திட்டமும் வந்தது. இன்று இளம் ஆசிரியர்களாக இருப்பவர்களில் பலர் தொடக்கப்பள்ளிக் கணிதத்தை ஆங்கிலத்திலும் இடைநிலைப்பள்ளிக் கணிதத்தை மலாயிலும் படித்தவர்கள். தொகுதி (பின்னத்தின் மேல் எண்), பகுதி (கீழ் எண்), தகு பின்னம், கலப்புப் பின்னம், விழுக்காடு ஆகிய சொற்கள் அவர்களுக்கே புதியவை. சொல் நாக்கில் தயங்கினால் விளக்கமும் தயங்கும். பாடநூலில் உள்ள கலைச்சொற்களை ஒரு சிறு ஏட்டில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

மூன்றாம் படி: இரண்டு வாரம் பிழைகளைச் சேகரியுங்கள்

தனியாக ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திருத்தும்போது கண்ணில் படும் பிழை விடையை, குழந்தை எழுதியபடியே, அந்த வழிமுறையோடு நகல் எடுத்து எழுதுங்கள். "கவனக்குறைவு" என்ற சொல்லை அந்த நோட்டில் எழுதுவதில்லை என்று முடிவு செய்யுங்கள். அந்தச் சொல் ஆசிரியரின் சிந்தனையை நிறுத்திவிடுகிறது.

43 − 18 = 35 என்று ஒரு மாணவன் எழுதியிருக்கிறான் என்று வையுங்கள். அவனுடைய மற்றக் கழித்தல்களையும் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே ஒழுங்கு தெரியும். எது பெரிய இலக்கமோ அதிலிருந்து சிறியதைக் கழிக்கிறான். எட்டிலிருந்து மூன்று போனால் ஐந்து. அவன் குழம்பவே இல்லை. தவறான ஒரு விதியைத் தவறாமல் பின்பற்றுகிறான். 1978-இல் பிரவுன், பர்ட்டன் என்ற இருவர் கழித்தல் பிழைகளை ஆராய்ந்து, பல பிழைகளுக்கு இப்படி நிலையான விதிகள் உண்டு என்று காட்டினார்கள். விதி தெரிந்துவிட்டால் எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பத்துக் கணக்கு கூடுதலாகப் போடச் சொல்வது அந்த விதியைத்தான் உறுதிப்படுத்தும்.

வகுப்புசார் மதிப்பீட்டில் கொடுக்கும் அடைவுநிலை எண்ணை இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். 1 முதல் 6 வரையிலான அந்த அளவுகோலில் மூன்றாம் நிலையில் நிற்கும் இரண்டு குழந்தைகள் முற்றிலும் வேறுபட்ட காரணங்களால் அங்கே நிற்கலாம். எண் அந்தக் காரணத்தைச் சொல்லாது.

நான்காம் படி: குழந்தையோடு உட்கார்ந்து கேளுங்கள்

ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மிகுதியாகத் தவறவிடப்படுவதும் இதுதான்.

ஆன் நியூமன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் 1977-இல், எழுத்து வடிவக் கணக்கை ஒரு குழந்தை செய்யும்போது ஐந்து வாசல்களைக் கடக்க வேண்டியிருக்கிறது என்று வகுத்துக் காட்டினார். வாசித்தல், புரிந்துகொள்ளுதல், கணக்காக மாற்றுதல், செய்முறை, விடையை முறையாக எழுதுதல். எந்த வாசலில் குழந்தை நின்றுவிடுகிறது என்று கண்டுபிடிப்பதே நம் வேலை. அதற்கான ஐந்து கேள்விகளை நான் தமிழில் இப்படிக் கேட்கிறேன்:

1. இந்தக் கேள்வியை எனக்கு வாசித்துக் காட்டு. தெரியாத சொல் இருந்தால் அதைத் தொட்டுக் காட்டு.
2. கேள்வியில் என்ன கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள்? உன் சொந்தச் சொல்லில் சொல்.
3. எப்படிச் செய்யப் போகிறாய்? ஏன் அப்படி?
4. இப்போது செய். செய்யும்போதே மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்.
5. இதுதான் விடை என்றால், கேள்விக்குப் பதிலாக அதை எழுது.

பள்ளி முடிந்த பிறகு, நூலகத்து மூலையிலோ சிற்றுண்டிச்சாலை மேசையிலோ, குழந்தைக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும். கேட்டபின் காத்திருங்கள். மேரி பட் ரோ என்பவர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடி அளவுதான் காத்திருந்தார்கள். மூன்று வினாடி காத்திருந்தபோது பிள்ளைகள் நீளமாகவும் யோசித்தும் பதில் சொன்னார்கள். மூன்று வினாடி குறைவு போலத் தோன்றும். வகுப்பில் நின்று பார்த்தால் அது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

உட்கார்ந்திருக்கும்போது திருத்தாதீர்கள். "சரி" என்றோ "இல்லை" என்றோ சொல்லாதீர்கள். முகத்தைக்கூடக் காத்துக்கொள்ளுங்கள். நம் புருவம் அசைவதைப் பார்த்து விடையை மாற்றிக்கொள்வதில் நம் பிள்ளைகள் மிகவும் கெட்டிக்காரர்கள். ஆசிரியருக்குப் பிடித்த விடையைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி இருக்கிறது.

கேள்வியில் வரும் சூழலையும் கவனியுங்கள். "ஒரு செம்பனைக் குலையின் எடை 18 கிலோகிராம். 25 குலைகளின் மொத்த எடை என்ன?" என்று கொடுத்தால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். பாதிதான் உண்மை. லயத்து வீடுகளை விட்டுக் குடும்பங்கள் நகரத்துக் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டன. தோட்டத்து வேலையில் இன்று பெரும்பகுதி வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தாத்தா பால்மரம் வெட்டியதைக் கதையாகக் கேட்ட பிள்ளைக்கு, ஒரு குலை எவ்வளவு கனக்கும் என்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரவுச் சந்தையில் மிச்சக் காசு வாங்குவதும் கைப்பேசிக்குப் பணம் நிரப்புவதும் அவர்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளின் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டுக் கணக்கை எழுதுங்கள்.

ஐந்தாம் படி: மொழியைப் பாருங்கள், அங்கே நம் சொந்த ஆய்வு இருக்கிறது

ஆங்கிலத்தில் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தமிழ் வகுப்பில் அப்படியே திரும்பச் செய்துகொண்டிருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. தமிழில் எண் சொல்லும் முறைக்கே உரிய கேள்விகளைத் தமிழ் தெரிந்தவர்தான் கேட்க முடியும். மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, எண் பெயர்கள். பதினொன்று என்ற சொல்லிலேயே பத்தும் ஒன்றும் இருக்கின்றன. இடமதிப்பைக் காது வழியே கற்றுத்தரும் பெயர் அது. இருபத்து மூன்று, முப்பத்து நான்கு எல்லாம் அப்படியே. ஆனால் ஒன்பதில் தமிழ் வேறு வழி போகிறது. எண்பதுக்கு அடுத்து ஒன்பது பத்துகளைக் குறிக்கும் சொல் "தொண்ணூறு", அதன் வாலில் நூறு ஒலிக்கிறது. எண்ணூறுக்கு அடுத்தது "தொள்ளாயிரம்", அதில் ஆயிரம் ஒலிக்கிறது. தொள்ளாயிரம் என்று கேட்டு 9000 எழுதும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சொல்லைக் கேட்டு எண்ணால் எழுதும் சிறிய சோதனை ஒன்று வைத்துப் பாருங்கள்: 90, 109, 190, 900, 909, 990, 9000, 9090. இவற்றோடு 80, 800, 8000 ஆகியவற்றையும் கலந்து கொடுங்கள். எட்டில் பிழையில்லாமல் ஒன்பதில் மட்டும் பிழை வந்தால், இடமதிப்பு புரியாததுதான் காரணம் என்று சொல்வது கடினம். சொல்லின் ஒலியைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, நான் தொடக்கத்தில் சொன்ன பின்னம். தமிழில் பகுதியை முதலில் சொல்கிறோம்: "ஐந்தில் மூன்று". மலாயில் தொகுதி முதலில் வருகிறது: "தீகா பெர் லீமா" (தீகா மூன்று, லீமா ஐந்து). ஒரே பிள்ளை காலையில் தமிழில் ஒரு வரிசையையும், துணைப்பாட வகுப்பில் மலாயில் எதிர்வரிசையையும் கேட்கிறது. இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போனபின் பெரும்பாலும் மலாய் வரிசைதான். இரண்டு மொழிக்கும் நடுவில் அந்தப் பிள்ளையின் மனத்தில் என்ன நடக்கிறது? இது தமிழ்ப்பள்ளியில் படித்து மலாய் வழிக் கல்விக்குப் போகும் நம் பிள்ளைகளின் கேள்வி.

தமிழ் வரிசையைக் குறையாகவும் நினைக்க வேண்டியதில்லை. ஐந்து பங்காக்கு, அதில் மூன்றை எடு என்று, செயல் நடக்கும் வரிசையிலேயே சொல் நடக்கிறது. எழுதும் வரிசைதான் அதோடு ஒத்துப்போகவில்லை. அரை, கால், முக்கால் என்ற சொற்களோ இன்னும் வசதியானவை. அவை பழக்கத்தில் இருப்பதால், இரண்டு அரைகள் சேர்ந்தால் ஒன்று என்பதை எழுத்து தெரியாத பாட்டிக்கும் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதே சொற்களைக் கொண்டு எழுத்துக் கணக்கிற்குப் பாலம் போட முடியுமா என்று சோதித்துப் பார்ப்பதும் நல்ல ஆய்வாகும்.

மூன்றாவது, "விட". "மாலாவிடம் 24 கோலிகள் உள்ளன. அவளிடம் கண்ணனைவிட 6 கோலிகள் அதிகம். கண்ணனிடம் எத்தனை?" விடை 18. "அதிகம்" என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டி 30 என்று எழுதுகிறார்கள். லூயிஸ், மேயர் என்ற ஆய்வாளர்கள் 1987-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடமே இத்தகைய தடுமாற்றம் இருப்பதைக் காட்டினார்கள். கல்லூரி மாணவர்களுக்கே அப்படி என்றால், "அதிகம் என்று வந்தால் கூட்டு, மீதம் என்று வந்தால் கழி" என்று குறிப்புச் சொல் அட்டை ஒட்டி வைக்கும் நம் வழக்கம் என்ன செய்யும்? அந்த அட்டைகளை நான் என் வகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஆறாம் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

"மாணவர்களின் கணித அடைவை மேம்படுத்துதல்" என்று எழுதி வருகிறார்கள். அது ஆசைதானே தவிர ஆய்வுக் கேள்வி ஆகாது. யார், எந்தத் திறன், எந்தச் சூழலில், என்ன செய்து, எவ்வளவு காலத்தில் என்ற ஐந்துக்கும் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். "பின்னத்தைச் சொல்லக் கேட்டு எழுதும்போது தொகுதியையும் பகுதியையும் இடம்மாற்றி எழுதும் மூன்றாம் ஆண்டு மாணவர் ஆறு பேருக்கு, தாள் மடிப்பும் கோடு முதலில் போடும் முறையும் நான்கு வாரங்களில் எவ்வாறு உதவுகின்றன?" என்பது கேள்வி. சிறியதாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள். நான்கு வாரத்தில் ஒருவர் உண்மையாகச் செய்யக்கூடிய அளவு அவ்வளவுதான்.

ஏழாம் படி: அனுமதி

உங்கள் சொந்த வகுப்பில் கற்பித்தலின் பகுதியாகச் செய்தாலும் தலைமையாசிரியரிடம் எழுத்து வழி அனுமதி பெறுங்கள். முதுகலைக்காகப் பிற பள்ளிகளில் ஆய்வு செய்வதென்றால் கல்வி அமைச்சின் ஆய்வுப் பிரிவிடமும் பின்னர் மாநிலக் கல்வித் துறையிடமும் அனுமதி வேண்டும். நாள் பிடிக்கும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

பெற்றோருக்கான கடிதத்தைத் தமிழில், ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் தாய் கையெழுத்துப் போட்டு அனுப்பத் தாமதமானால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முடிந்தால் மாலையில் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். குழந்தையிடமும் தனியாகக் கேளுங்கள். "வேண்டாம்" என்று அது சொன்னால் விட்டுவிடுங்கள். ஆய்வேட்டில் பெயர் வேண்டாம், மாணவர் 1, மாணவர் 2 போதும். முகம் தெரியும் படமும் வேண்டாம்.

எட்டாம் படி: செயல்படுத்துதல்

கர்ட் லெவின் 1940-களில் பேசத் தொடங்கிய செயலாய்வை, கெம்மிஸ், மெக்டகார்ட் இருவரும் 1980-களில் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏற்ற சுழற்சியாக விளக்கினார்கள்: திட்டமிடு, செயல்படு, உற்றுநோக்கு, சிந்தித்துப் பார், பின் திட்டத்தை மாற்றித் தொடங்கு. நம் நாட்டுச் செயலாய்வு ஏடுகளில் இந்தச் சுழற்சியைப் பலரும் வரைந்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டாம் சுற்றுக்குப் போகிறவர்கள் குறைவு. முதல் சுற்றிலேயே வெற்றி என்று எழுதி முடித்துவிட்டால் அது பழைய பாணித் தேர்வு அறிக்கையோடு ஒன்றாகிவிடும்.

பின்னத்துக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். வாரத்துக்கு இரண்டு முறை, அரை மணி நேரம். முதல் வாரம் எழுத்தே கிடையாது. பழைய நாட்காட்டித் தாளை நீள நாடாக்களாக வெட்டி, "ஐந்து சமபங்காக மடி, மூன்றுக்கு வண்ணம் தீட்டு, என்ன செய்தாய் என்று சொல்" என்பது மட்டும். சமமாக மடிப்பதிலேயே பெரிய பாடம் இருக்கிறது. இரண்டாகவும் நான்காகவும் மடிப்பது எளிது, ஐந்தாக மடிக்கும்போது பிள்ளைகள் திணறுவார்கள். பங்கு சமமாக இல்லாவிட்டால் ஐந்தில் ஒன்று ஆகாது என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும். அவசரப்பட்டு அளவுகோலைக் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாம் வாரம் படம். நாடாவை நோட்டில் வரைந்து, பக்கத்தில் சொல்லால் எழுதுவது. ஜெரோம் புரூனர் சொன்ன செயல், படம், குறியீடு என்ற வரிசைதான் இது. மூன்றாம் வாரம்தான் எண்ணால் எழுத்து. "ஐந்தில்" என்று காதில் விழுந்ததும் முதலில் கோடு போடு, கோட்டுக்குக் கீழே ஐந்தை எழுது, பிறகு "மூன்று" மேலே. எழுதும் கையைக் கேட்கும் காதின் வரிசைக்கு மாற்றினேன். தமிழ் சொல்லும் வரிசையிலேயே கை போகட்டும். நான்காம் வாரம் மலாய் வரிசையையும் பக்கத்தில் வைத்து, "இரண்டு மொழியும் ஒரே நாடாவைத்தான் சொல்கின்றனவா?" என்று பேசவிட்டேன்.

ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் அன்றே ஐந்து வரி எழுதுங்கள். குழந்தை சொன்ன சொற்றொடரை அப்படியே எழுதுங்கள். மறுநாள் எழுதினால் நம் சொற்றொடராகிவிடும்.

ஒன்பதாம் படி: அளந்து பார்ப்பது

என் முதல் ஆய்வில் நான் ஒரு தவறு செய்தேன். கடைசி வகுப்பு முடிந்த அன்றே பின்சோதனை வைத்தேன். எல்லாரும் நன்றாகச் செய்தார்கள், மகிழ்ச்சியாக எழுதி முடித்தேன். பள்ளி விடுமுறை முடிந்து வந்து அதே கணக்கைக் கேட்டபோது பலர் பழைய இடத்திலேயே நின்றார்கள். என் அறிக்கையில் அது இல்லை. ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்: மூன்று வாரம் கழித்து ஒரு சோதனை வைக்காமல் எதையும் முடிவு என்று எழுதாதீர்கள். அதே கேள்விகளைத் திரும்பக் கொடுக்காமல், அதே திறனைச் சோதிக்கும் வேறு எண்களைக் கொடுங்கள்.

ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு "66.7 விழுக்காட்டு முன்னேற்றம்" என்று எழுத வேண்டாம். ஆறில் நான்கு பேர் என்று எழுதுங்கள். மீதி இரண்டு பேர் ஏன் மாறவில்லை என்பதற்கு நான்கு பேரின் வெற்றியைவிட அதிகப் பக்கம் ஒதுக்குங்கள். புள்ளியியல் சோதனைகள் இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் பெரிதாக எதையும் சொல்லாது. எழுத்துச் சோதனை, உற்றுநோக்கல் குறிப்பு, நேர்காணல் மூன்றும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பாருங்கள். முரண்பட்டால் அந்த முரணை மறைக்காமல் எழுதுங்கள்.

எழுதும் வடிவத்தைப் பொறுத்தவரை உங்கள் வளாகத்துக் கையேட்டைப் பின்பற்றினால் போதும்.

பத்தாம் படி: துணை தேடிக்கொள்ளுங்கள்

சிறிய பள்ளியில் கணிதம் பேச ஆள் இருக்காது. அக்கம்பக்கத்து மூன்று பள்ளிகளின் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்து, பிறகு உட்கார்ந்து பேசலாம். ஜப்பானிய ஆசிரியர்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் பாட ஆய்வு இதுதான். பார்க்க வருகிறவர்கள் ஆசிரியரைப் பார்க்கக் கூடாது, ஆளுக்கு இரண்டு குழந்தைகளைப் பார்க்க வேண்டும். பேசும்போது "நீங்கள் நன்றாக நடத்தினீர்கள்" என்று தொடங்காமல், "அந்தப் பையன் மூன்றாவது கணக்கில் இப்படிச் செய்தான்" என்று தொடங்க வேண்டும். வயதில் மூத்த ஆசிரியரின் வகுப்பைப் பற்றிப் பேச நமக்குள்ள கூச்சம் இதனால் பெரிதும் குறைகிறது. மூத்தவர்களே முதல் வகுப்பை நடத்த முன்வந்தால் இளையவர்களுக்குத் துணிவு வரும்.

தொடக்கப்பள்ளி இறுதியில் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் கைவிடப்பட்ட பிறகு இதற்கான நேரம் உண்மையிலேயே கிடைத்திருக்கிறது. அந்த நேரத்தை வேறு பயிற்சித் தாள்களால் நிரப்பிவிட்ட பள்ளிகளைப் பார்த்தால் மனம் வலிக்கிறது.

பதினோராம் படி: முதுகலைக்குப் போக விரும்பினால்

சில ஆண்டு வகுப்பு அனுபவத்துக்குப் பின் போங்கள். தஞ்சோங் மாலிமில் உள்ள கல்வியியல் பல்கலைக்கழகம், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் கல்வித் துறை முதுகலை இருக்கிறது. பினாங்கிலேயே தென்கிழக்காசியக் கல்வி அமைச்சர்கள் அமைப்பின் அறிவியல், கணிதக் கல்வி மையம் 1967 முதல் இயங்கிவருகிறது. ஆசிரியர்களுக்கான அதன் பயிற்சிகளைக் கவனித்து வாருங்கள்.

மேற்பார்வையாளராக ஒருவரைக் கேட்டு எழுதும்போது உங்கள் ஆர்வத்தைப் பற்றி நீளமாக எழுத வேண்டாம். "நான் இந்தப் பிழையை என் வகுப்பில் தொடர்ந்து பார்க்கிறேன். இதுவரை இதைச் செய்து பார்த்தேன். இது எனக்குப் புரியவில்லை" என்று மூன்று வரி எழுதி, பிழை நோட்டின் ஒரு பக்கத்தை நகலெடுத்து இணையுங்கள். வாசிக்கும் பேராசிரியர் தமிழ் தெரியாதவராக இருந்தால் "தொள்ளாயிரம்" என்ற சொல்லைப் பிரித்துப் பொருள் எழுதிக் காட்டுங்கள். அனுப்புவதற்கு முன், அந்தப் பக்கத்தின் மூலையில் குழந்தையின் பெயர் மறைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.